ஏஸ்-கிங் வந்தது, பிளொப்பில் ஒன்றும் வரவில்லை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹோல்டெம் போக்கர் பழகுகிறவர்கள் சிப்ஸை இழப்பது பெரும்பாலும் மோசமான தாள்களில் இல்லை. 7-உம் 2-உம் வந்தால் யாரும் யோசிக்காமல் போல்ட் பண்ணி, கையை விட்டுவிடுவார்கள். ஏஸ்-கிங், ஏஸ்-குயின், இரண்டு ஜாக் என்று நல்ல கை வந்து, ரெய்ஸ் பண்ணி (பந்தயத்தைக் கூட்டி), யாரோ ஒருவர் கோல் பண்ணி (அதே அளவைப் போட்டு), நடுவில் மூன்று தாள், அதாவது பிளொப், விரிந்த பிறகு தனக்கு அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிகிற இடத்தில்தான் குவியல் குவியலாகப் போகிறது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ போயா லீவுக்கு ஒரு பிளாட்டில் கூடி ஆடும் எந்த மேசையிலும் இதைப் பார்க்கலாம்: "இவ்வளவு நல்ல கை, எப்படி மச்சான் விடுறது" என்று ரிவர் (கடைசி, ஐந்தாவது தாள்) வரைக்கும் கோல் பண்ணிக்கொண்டே போவார், எதிரில் இருப்பவர் இரண்டு எட்டைக் காட்டிவிட்டு சிப்ஸை இழுத்துக்கொள்வார்.

ஒரு எண்ணை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கையில் சோடி இல்லை என்றால், அது எந்த இரண்டு தாளாக இருந்தாலும், பிளொப்பில் குறைந்தது ஒரு சோடியாவது அமைகிற வாய்ப்பு சுமார் 32 சதவீதம்தான். 9-4க்கும் அவ்வளவுதான், ஏஸ்-கிங்குக்கும் அவ்வளவுதான். மூன்று தடவை ஆடினால் இரண்டு தடவை தவறும். இதைத் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக் கோபப்படுகிறவர் ஒவ்வொரு இரவும் கோபத்தோடுதான் வீடு போக வேண்டிவரும். இரண்டு தடவை தவறும் என்று தெரிந்திருப்பதால், தவறினால் என்ன செய்வது என்பதை பிளொப் விரிய முன்பே யோசித்து வைக்கலாம், கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குத்தான்.

எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டமாக இருப்பதற்கு 304 என்ற சீட்டாட்டம் ஒரு காரணம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்து 304 ஆடி வந்தவருக்கு, துரும்பில் ஜாக்கும் ஒன்பதும் கையில் இருந்தால் அந்தப் பலம் கடைசிப் பிடி வரைக்கும் அப்படியே நிற்கும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, அதை யாரும் குறைக்க முடியாது, நம்பிக் கேள்வி கேட்கலாம். ஹோல்டெமில் உங்கள் ஏஸ்-கிங் பிளொப் வரும் வரைக்கும்தான் பெரிய கை. மேசையில் 9-8-7 விழுந்த பிறகு அது வெறும் ஏஸ், வெறும் 3-3 சோடி வைத்திருப்பவர்கூட உங்களுக்கு முன்னால் நிற்கிறார்.

ஆட்ட விதிகள் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டில் கிடக்கிற சீட்டுக்கட்டை எடுப்பதானால், 304க்காக 2 முதல் 6 வரை பிரித்து வைத்த தாள்களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், ஹோல்டெமுக்கு 52-உம் வேண்டும். பழகும்வரை சிப்ஸுக்கு மட்டும் ஆடுங்கள், காசு வேண்டாம். கொழும்பில் கசினோக்கள் இருக்கின்றனதான், ஆனால் இலங்கைக் குடிமக்கள் உள்ளே போவதற்கே டொலர் கணக்கில் வரி கட்ட வேண்டும், பழகுகிற இடம் அதுவல்ல.

பிளொப்புக்கு முன்

தவறிய கையைச் சமாளிப்பதில் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. நல்ல கை வந்தால் ரெய்ஸ் பண்ணுங்கள், ஒளித்து வைத்துக்கொண்டு வெறுமனே கோல் பண்ணாதீர்கள். காரணம் எளிது: எத்தனை பேர் உங்களோடு பிளொப்பைப் பார்க்கிறார்கள் என்பதுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கையில் சோடி இல்லாத ஒருவர் மட்டும் எதிரில் இருந்தால், அவருக்கும் மூன்றில் இரண்டு தடவை தவறும். இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் ஒன்றாகத் தவறும் வாய்ப்பு தோராயமாக 46 சதவீதம், மூன்று பேர் என்றால் 31 சதவீதம். அதாவது நாலு பேர் பார்க்கிற பிளொப்பில் உங்களுக்குத் தவறினால், வேறு யாருக்கோ பொருந்தியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நண்பர்கள் மேசையில் ஒரு தொல்லை உண்டு. "பார்ப்பமே" என்று ஆளாளுக்கு கோல் பண்ணுவார்கள், பிளைண்டின் (தாள் பார்க்க முன்பே இருவர் கட்டாயம் போடும் சிப்ஸ்) 2 மடங்கு ரெய்ஸ் பண்ணினால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். பிளைண்ட் 50/100 என்றால் 300 ஒரு நியாயமான ரெய்ஸ், உங்களுக்கு முன்னால் சும்மா 100 போட்டு உள்ளே வந்தவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 100 கூட்டுங்கள். அந்த மேசை அதற்கும் மசியாது என்றால் இன்னும் கூட்டலாம், ஒருவர் அல்லது இருவர் மட்டும் மிஞ்சும் அளவைக் கொஞ்ச நேரம் ஆடினாலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அப்புறம் உங்கள் இடம். பட்டனில், அதாவது கடைசியாகப் பேசும் இடத்தில், இருந்தால் மற்றவர் என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம், வேண்டுமென்றால் செக் பண்ணி (பெட் பண்ணாமல் விட்டு) அடுத்த தாளை இலவசமாகவும் பார்க்கலாம். முதலில் பேசும் இடத்தில் இந்த இரண்டும் கிடையாது. அதனால் ஏஸ்-குயின், கிங்-குயின் போன்ற கைகளை முன் இடங்களிலிருந்து ஆடும்போது, தவறினால் விட்டுவிடுவேன் என்ற எண்ணத்தோடேயே உள்ளே போங்கள்.

பிளொப் விரிந்ததும்

உடனே சிப்ஸில் கை வைக்காதீர்கள். மூச்சு விடுகிற நேரம் எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, எத்தனை பேர். மேலே சொன்ன கணக்குதான். எதிரில் ஒருவர் என்றால் முயன்று பார்க்கலாம், மூன்று பேர் என்றால் பெரும்பாலும் செக், யாராவது பெட் பண்ணினால் போல்ட். இதில் இன்னும் நுணுக்கம் தேடி புதியவர் குழம்பத் தேவையில்லை.

இரண்டாவது, இந்தப் பிளொப் யாருடைய கைக்குப் பொருந்துகிறது. இதுதான் பழகச் சற்று நாளாகும், ஆனால் மிகவும் உதவும். நீங்கள் பட்டனிலிருந்து ரெய்ஸ் பண்ணினீர்கள், பெரிய பிளைண்டில் இருப்பவர் கோல் பண்ணினார் என்று வையுங்கள். உங்களிடம் பெரிய தாள்கள் இருக்கும் என்று அவர் நினைக்கிறார், அவரிடம் நடுத்தரத் தாள்கள், சின்னச் சோடிகள், 8-7, 10-9 மாதிரி அடுத்தடுத்த தாள்கள் அதிகம் இருக்கும், ஏனென்றால் இரண்டு ஏஸோ இரண்டு கிங்கோ வந்திருந்தால் அவர் திரும்ப ரெய்ஸ் பண்ணியிருப்பார். இப்போது மேசையில் மூன்று வேறு வேறு இனத்தில் (ஸ்பேட், ஹார்ட் மாதிரி) குயின்-7-2 விழுகிறது. உங்கள் ஏஸ்-கிங்குக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, அதோடு குயின் உங்களிடம் இருப்பதாக அவர் நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. 8-3-3 மாதிரி சோடி விழுந்த, காய்ந்த (ஸ்ட்ரெய்ட்டுக்கோ பிளஷுக்கோ வழியில்லாத) பிளொப்பும் இப்படித்தான், இருவருக்கும் தவறுகிற இடம். அதே ஏஸ்-கிங்கோடு 9-8-7, அதில் இரண்டு ஹார்ட், உங்களிடம் ஒரு ஹார்ட்டும் இல்லை என்றால் நிலைமை தலைகீழ். அவரிடம் சோடி, இரண்டு சோடி, ஸ்ட்ரெய்ட், பிளஷ் டிரோ (இன்னொரு தாள் வந்தால் பிளஷ்) என்று ஏதாவது ஒன்று இருக்கும், நீங்கள் எவ்வளவு பெட் பண்ணினாலும் எழும்ப மாட்டார். இங்கே செக் பண்ணுங்கள், அவர் பெட் பண்ணினால் போல்ட் பண்ணுங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, தவறினாலும் கையில் என்ன மிச்சம் இருக்கிறது. ஏஸ்-கிங்குக்குக் குறைந்தபட்சம் ஆறு அவுட்ஸ் (விழுந்தால் உங்கள் கையை நல்லதாக்கும் தாள்கள்) உண்டு, மூன்று ஏஸ், மூன்று கிங். கணக்குப் போட ஒரு சுருக்கு வழி: அவுட்ஸை 2 ஆல் பெருக்கினால் அடுத்த ஒரு தாளில் வருகிற சதவீதம் கிட்டத்தட்டக் கிடைக்கும், டேர்ண் (நாலாவது தாள்), ரிவர் இரண்டையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 4 ஆல் பெருக்குங்கள். ஆறு அவுட்ஸுக்கு ஒரு தாளில் 12-13 சதவீதம், இரண்டு தாளில் 24 சதவீதம். பிளொப் குயின்-ஜாக்-4 என்றால் பத்து விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட், ஆகவே இன்னும் நாலு சேர்ந்து பத்து அவுட்ஸ். உங்கள் ஏஸ்-கிங் இரண்டும் ஸ்பேட், பிளொப்பிலும் இரண்டு ஸ்பேட் என்றால் ஒன்பது ஸ்பேட்டும் மற்ற ஆறும் சேர்ந்து பதினைந்து, ரிவருக்குள் ஏதாவது ஒன்று வர 54 சதவீதம். இதைத் தவறிய கை என்று சொல்லவே கூடாது, சிப்ஸைப் போட்டு ஆட வேண்டிய கை இது. (இவ்வளவு அவுட்ஸ் இருக்கும்போது 4 ஆல் பெருக்கினால் 60 வரும், அது கொஞ்சம் கூடுதல். சுருக்கு வழி சின்ன எண்ணிக்கைக்குத்தான் சரியாக வேலை செய்யும்.)

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா அவுட்ஸும் சுத்தமானவை இல்லை. குயின்-7-2 பிளொப்பில் எதிரில் இருப்பவரிடம் ஏஸ்-குயின் இருந்தால், நீங்கள் ஆவலோடு எதிர்பார்க்கிற ஏஸ் விழும்போது உங்களுக்கு ஒரு சோடி, அவருக்கு இரண்டு சோடி, நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டே பெரிய பொட்டை (நடுவில் சேர்ந்த சிப்ஸை) இழப்பீர்கள். ஆகவே ஆறு என்பதை மனதில் நாலு ஐந்து என்றே எண்ணுங்கள்.

பெட் பண்ணுவது என்று முடிவெடுத்தால்

எதிரில் ஒருவர், பிளொப் காய்ந்தது, அவர் செக் பண்ணிவிட்டார். இப்போது சிறிதாக ஒரு பெட் பண்ணுங்கள், பொட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். நீங்கள் 300, பெரிய பிளைண்ட் 300, போல்ட் பண்ணிய சின்ன பிளைண்டின் 50, பொட்டில் மொத்தம் 650 இருக்கிறது. 220 பெட் பண்ணினால், 650ஐ எடுக்க 220ஐ வைக்கிறீர்கள், நாலு தடவையில் ஒரு தடவைக்குச் சற்று மேல் அவர் போல்ட் பண்ணினாலே இந்தப் பெட் நட்டமில்லாமல் போய்விடும். அதில் பாதிப் பொட், 325 பெட் பண்ணினால் மூன்றில் ஒரு தடவை போல்ட் பண்ண வேண்டும், முழுப் பொட்டையும் பெட் பண்ணினால் இரண்டில் ஒரு தடவை. அவருக்கு மூன்றில் இரண்டு தடவை தவறுகிறது என்று ஏற்கெனவே பார்த்தோம், அப்படியிருக்க 220க்கே போகிற ஆளை விரட்ட 650 எதற்கு? புதியவர்கள் பயத்தில் பெரிய பெட் பண்ணுகிறார்கள், "இனி கோல் பண்ண மாட்டான்" என்று. பெரிய பெட்டுக்குப் பலமான கை மட்டும்தான் கோல் பண்ணும், அதாவது உங்களை வெல்லும் கைகளை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள், எதிரில் யார் இருக்கிறார். போல்ட் பண்ணவே தெரியாத ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் இருப்பார், ஏழில் ஒரு சோடியை வைத்துக்கொண்டு ரிவர் வரைக்கும் வருவார். அவரிடம் பிளஃப் பண்ணாதீர்கள் (ஒன்றும் இல்லாமல் பெட் பண்ணி மிரட்டாதீர்கள்), எந்தப் பிளொப்பாக இருந்தாலும் சரி. அவரிடம் தவறினால் செக், பொருந்தினால் பெட், அதுவே நல்ல வருமானம்.

அதேபோல் ஒவ்வொரு தடவையும் பெட் பண்ண வேண்டும் என்றும் இல்லை. பட்டனில் இருந்து செக் பண்ணினால் டேர்ண் இலவசம். ஏஸ்-கிங் சோடியே இல்லாமலும் சில பொட்டுகளை வெல்லும், எதிரில் இருப்பவர் டிரோ தவறிப்போய் கிங்-ஜாக்கோடு நிற்கும்போது இருவரும் ரிவர் வரை செக் பண்ணினால் உங்கள் ஏஸ்தான் பெரியது. இதை நிறையப் பேர் மறந்துவிட்டு, வெல்லப்போகிற கையையே பிளஃப்பாக மாற்றிவிடுகிறார்கள்.

கோல் பண்ணிவிட்டார், டேர்ண் விழுந்தது

இங்கேதான் நிறுத்தப் பழக வேண்டும். உங்கள் சின்னப் பெட்டை அவர் கோல் பண்ணினார் என்றால் அவரிடம் ஏதோ இருக்கிறது. குயின்-7-2 பிளொப்பில் டேர்ண் 3 விழுந்தால் ஒன்றும் மாறவில்லை, செக் பண்ணுங்கள். அவர் பெட் பண்ணினால் போல்ட். பிளொப்பில் ஒரு பெட் பண்ணிவிட்டோமே என்று இரண்டாவதும் மூன்றாவதும் பண்ணுவது, போன சிப்ஸைத் தேடிப் போகிற வேலை, அது இப்போது பொட்டுக்குச் சொந்தம்.

இரண்டாவது பெட்டுக்கு ஒரு காரணம் வேண்டும். ஏஸோ கிங்கோ விழுந்தால் கேட்கவே வேண்டாம், இனி அது நல்ல கை, அவர் கோல் பண்ணுவார் என்று நம்பிப் பெட் பண்ணுங்கள். ஜாக்கோ பத்தோ விழுந்தால் ஸ்ட்ரெய்ட்டுக்கு நாலு அவுட்ஸ் புதிதாகச் சேர்கிறது, எதிரில் இருப்பவர் போல்ட் பண்ணத் தெரிந்தவர் என்றால் இன்னொரு பெட் பண்ணலாம், கோல் பண்ணினாலும் பத்து தாள் உங்களைக் காப்பாற்ற இருக்கிறது. இந்த மாதிரிக் காரணம் எதுவும் இல்லாவிட்டால் ஒரு பெட்டோடு நிறுத்துங்கள்.

பிளொப்பிலேயே அவர் உங்களை ரெய்ஸ் பண்ணினால்? போல்ட். சிப்ஸுக்கு நண்பர்களோடு ஆடுகிற மேசையில், ஒன்றும் இல்லாமல் ரெய்ஸ் பண்ணுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

அவர் பெட் பண்ணினால் கோல் பண்ணலாமா

இதற்கு உணர்ச்சி தேவையில்லை, கணக்குப் போதும். பொட்டில் 600, அவர் 300 பெட் பண்ணுகிறார். 300 போட்டு 900ஐ வெல்லப் பார்க்கிறீர்கள், உங்கள் கோலும் சேர்ந்தால் பொட் 1200, அதில் 300 என்பது 25 சதவீதம். உங்களுக்கு அந்த 25 சதவீதம் இருக்கிறதா? வெறும் ஏஸ்-கிங், ஆறு அவுட்ஸ், அடுத்த தாளில் 12-13 சதவீதம். இல்லை, போல்ட். பத்து அவுட்ஸ் என்றால் 20க்குச் சற்று மேல், இன்னும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் உங்களுக்கு வந்துவிட்டால் அவர் பின்னாலும் சிப்ஸ் தருவார் என்று தோன்றினால் கோல் பண்ணலாம். பதினைந்து அவுட்ஸ் என்றால் கேள்வியே இல்லை. அவர் பொட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெட் பண்ணினால் 20 சதவீதம் போதும், முழுப் பொட்டையும் பண்ணினால் 33 வேண்டும். இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், மேசையில் இருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

சோடி கையில், ஏஸ் மேசையில்

இதுவும் தவறுவதுதான், ஆனால் வேறு மாதிரி. உங்களிடம் இரண்டு குயின், பிளொப்பில் ஏஸ்-7-2. இப்படி மேலே ஒரு பெரிய தாள் விழுவது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்: இரண்டு கிங் இருக்கும்போது பிளொப்பில் ஏஸ் விழ 23 சதவீதம், இரண்டு குயினுக்கு ஏஸோ கிங்கோ விழ 41, இரண்டு ஜாக்குக்கு அதைவிடப் பெரிய ஏதாவது ஒன்று விழ 57.

ஏஸ்-கிங் தவறும்போது சின்னதாகப் பெட் பண்ணச் சொன்னேன், ஏனென்றால் அங்கே அவர் போல்ட் பண்ணுவதே உங்களுக்கு லாபம். இங்கே அப்படி இல்லை. பெரிதாகப் பெட் பண்ணினால் ஏஸ் இல்லாதவர், அதாவது நீங்கள் ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கிறவர், போல்ட் பண்ணுவார். ஏஸ் உள்ளவர் கோல் பண்ணுவார், அவருக்கு எதிராக உங்களுக்கு மிச்சமிருப்பது இரண்டு குயின் தாள் மட்டும், அடுத்த தாளில் 4 சதவீதம். ஆகவே பொட்டைச் சின்னதாக வைத்திருங்கள். ஒரு சுற்றில் செக், அவர் நியாயமான அளவில் பெட் பண்ணினால் ஒரு தடவை கோல், டேர்ணிலும் ரிவரிலும் திரும்பத் திரும்பப் பெரிதாகப் பெட் பண்ணினால் நம்பி விட்டுவிடுங்கள். இரண்டு பேர் எதிரில் இருந்து, ஒருவர் பெட் பண்ணி மற்றவர் கோலும் பண்ணினால் அந்த முதல் கோலும் வேண்டாம். ஏஸ்-கிங்-குயின் என்று விழுந்து உங்களிடம் இரண்டு ஜாக் இருந்தால், பத்து ஒன்று விழுந்து ஸ்ட்ரெய்ட் அமையும் என்று காத்திருக்காமல் முதல் பெட்டிலேயே விடலாம்.

வீட்டில் பழக

கட்டிலிருந்து ஒரு ஏஸையும் ஒரு கிங்கையும் எடுத்து முன்னால் வையுங்கள், மிச்சத்தைக் குலைத்து மூன்று தாள் விரியுங்கள். எதிரில் ஒருவர், நீங்கள் பட்டனில் என்று நினைத்துக்கொண்டு, பெட்டா செக்கா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள், அவுட்ஸை எண்ணுங்கள். மூன்று தாளையும் உள்ளே போட்டுத் திரும்பக் குலைத்து விரியுங்கள். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் முப்பது பிளொப் பார்த்துவிடலாம், அதில் எத்தனையில் ஏஸோ கிங்கோ இருந்தது என்று எண்ணிக்கொண்டும் வாருங்கள், பத்துக்குக் கிட்ட வரும். பிறகு அதே பிளொப்புகளுக்கு எதிரில் மூன்று பேர் என்று வைத்துப் பாருங்கள், உங்கள் பதில்களில் பாதி மாற வேண்டும். மாறவில்லை என்றால் நீங்கள் இன்னும் உங்கள் கையை மட்டும்தான் பார்க்கிறீர்கள்.

மேசையில் ஏஸ்-கிங்கைப் போல்ட் பண்ணும்போது, எவ்வளவு வயிறு எரிந்தாலும், "பாருங்கடா எதை விடுறேன்" என்று திருப்பிக் காட்டாதீர்கள். இன்று டேர்ணில் பெட் பண்ணினால் ஏஸ்-கிங்கையே விட்டுவிடுகிற ஆள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் குயின்-7-2இல் 220 பெட் பண்ணும்போது அவர்கள் கோல் பண்ணிவிட்டு டேர்ணுக்காகக் காத்திருப்பார்கள். முகம் கீழே இருக்கத் தாளை நடுவில் தள்ளிவிட்டு, அடுத்த கையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.